எண்ணூர் சேற்றில் தங்கிய விஷம்! மட்டியும் நண்டும் சொல்லும் சேதி

எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். வலை வீசும் மீனவர்களுக்கும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட இடம்.

இங்கே பல வருடங்களாக ஒரு விஷம் சேர்ந்து வருகிறது. அதற்கு வாடை கிடையாது. ருசியும் கிடையாது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் சிக்காமலும் போகலாம். காலடிச் சேற்றைச் சோதித்தால் சிக்கும். மட்டியை உடைத்துச் சோதித்தால் இன்னும் நன்றாகச் சிக்கும்.

ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள்தான் அந்த விஷம்.

எப்படி வந்தது?

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டு பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. நிலக்கரியில் உலோகம் துளிதான் இருக்கும். ஆனால் கரி எரிந்து போகும், உலோகம் எரியாது. பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிடும். நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரித்தால் 30 கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும்!

அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வெடித்தால்? கசிந்தால்? எல்லாம் ஆற்றில்தான். வருடக்கணக்கில் நடந்தது இதுதான். போதாக்குறைக்கு மணலி தொழிற்சாலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துகொண்டன.

கடல் அடித்துப் போகாதா?

"எல்லாம் கடலுக்குப் போயிடும்" என்று சிலர் நினைக்கலாம். போகாது!

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது அல்லவா? அதுபோல, ஆற்றுத் தண்ணீரில் மிதந்து வரும் களிமண் தூள், உப்புத் தண்ணீர் பட்டதும் திரண்டு அடியில் படிகிறது. அதில் ஒட்டிய உலோகமும் சேர்ந்து படிகிறது. முகத்துவாரம் என்பது ஒரு பொறி மாதிரி.

அலையாத்திச் செடியின் வேர் அந்த உலோகத்தில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் இலைக்கு ஏறுகிறது. இலை உதிர்ந்தால் நண்டு தின்கிறது.

சாகாத மட்டி!

மட்டியும் சிப்பியும் ஓரிடத்தில் இருந்துகொண்டே தண்ணீரை வடிகட்டித் தின்பவை. பெரிய சிப்பி ஒன்று ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் தண்ணீரை வடிகட்டும். உலோகம் உடம்பிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் மட்டி ஏன் சாகவில்லை? அதன் உடம்பில் உள்ள ஒருவகைப் புரதம் உலோகத்தைக் கட்டிப்போட்டு வைக்கிறது. மட்டி பிழைத்துக்கொள்கிறது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். தின்கிறவனுக்கு மொத்தச் சரக்கும் வந்து சேரும்!

காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால், பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். "நேத்துச் சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகலியே" என்பது இங்கே செல்லாது. இது நேற்றுச் சாப்பிட்டு இன்று மயங்கும் விஷம் அல்ல.

ஜப்பானில் பட்ட பாடு

ஜப்பானின் மினமாட்டா ஊரில் ரசாயன ஆலைக் கழிவில் பாதரசம் வந்தது. மீன் தின்ற பூனைகள் ஆடி ஆடிச் செத்தன. மனிதர்களுக்குக் கை கால் நடுங்கியது, பேச்சு குழறியது. 1956-ல் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. 1958-ல் ஆலைக்காரர்கள் கழிவை ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நோயும் அந்தப் பக்கம் போனது!

எண்ணூர் மினமாட்டா அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். இடத்தை மாற்றினால் உலோகம் தொலையாது.

மீனே வேண்டாமா?

அப்படி அல்ல. காசிமேட்டில் இறங்கும் கடல் மீனுக்கும் கழிச் சேற்றில் வளரும் மட்டிக்கும் வித்தியாசம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டால் மீனவர் பிழைப்பு போகும். கழி நண்டு சமைப்பவர்கள், ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறக் கூழை நீக்கிவிடுவது நல்லது. காட்மியம் அதில்தான் அதிகம் சேரும். கொதிக்க வைத்தால் அழியாது, குழம்பில்தான் இறங்கும்.

என்ன செய்ய வேண்டும்?

2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் கசிவைத் தடுத்து முகத்துவாரத்தைச் சீர்செய்ய உத்தரவிட்டது.

குழாயை அடைப்பது முதல் வேலை. படிந்ததை அகற்றுவது அடுத்த வேலை. அதிலும் கவனம் வேண்டும். கண்டபடி தூர் வாரினால், சேற்றில் அடங்கிக் கிடக்கும் உலோகம் காற்றுப் பட்டு மீண்டும் தண்ணீரில் கரையும்.

மூன்றாவது வேலைக்குச் செலவு குறைவு. தண்ணீரோடு சேற்றையும், மட்டியையும், நண்டையும், இறாலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று தமிழில் எழுதி மீன் மார்க்கெட்டிலேயே பலகை மாட்ட வேண்டும். அமெரிக்காவில் 1970-களிலேயே கடற்கரை நெடுக மட்டிகளைச் சோதித்துக் கடலின் நிலையைக் கணித்தார்கள்.

காசு கொடுத்து வாங்குகிறவருக்கும், சேற்றில் இறங்கிப் பிடிக்கிறவருக்கும் கூடையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?