முழந்தாளிட்ட உருவங்களும் அவற்றின் கைகளும்

சமயக் கலையில் முழந்தாளிட்ட உருவத்தைக் கண்டவுடன் ‘மனந்திரும்புதல்’ என்று பொருள் கூறிவிடுகிறோம். ஆதித் திருச்சபையும் அவ்வாறு கருதியதுண்டு, கி.பி. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றே ஜெபிக்கும்படி விதித்தது. ஆயினும் முழந்தாளோடு கைகளையும் நோக்குதல் வேண்டும்.

உக்கடத்திலும் சுற்றியுள்ள கொங்கு ஊர்களிலும் பணியாற்றும் ஆயர்கள் பெருமாள் கோயில் விழாக்களில் கருட வாகனத்தைக் கண்டிருப்பர். ஒரு முழந்தாள் நிலத்தில் ஊன்றியிருக்க, மற்றது எழுவதற்கு ஆயத்தமாய் மடங்கி நிற்கிறது. கைகளோ பெருமாளின் பாதங்களைத் தாங்க முன்னே நீண்டுள்ளன. இது துக்கமன்று, ஊழியம். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி கொற்றவையின் அடியில் இருவரை முழந்தாளிடச் செய்துள்ளான். ஒருவன் தன் தலையையே அரிந்தளிக்க முனைகிறான் (தலைமயிரை என்பாரும் உளர்). அங்கே கை பலியிடுகிறது.

நம் கிறிஸ்துமஸ் படங்களுக்கு வருவோம். கீழைத் திருச்சபைகளின் பழைய ஓவியங்களில் மரியாள் பிள்ளைபெற்ற தாயாகப் படுத்திருக்கிறாள். 14ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுப் பிரிகித்தா கண்ட தரிசனத்திற்குப் பின்னர், அவளைக் கைகூப்பி முழந்தாளிட்டவளாகத் தீட்டுவது மேலைநாட்டில் பெருவழக்காயிற்று. லூக்கா இதனைக் கூறவில்லை. பிள்ளையை ஏந்த வேண்டிய கைகள் கூப்பியிருக்கின்றன. தாய் ஆராதிப்பவளாகிறாள், பிள்ளையோ தரையில் கிடக்கிறது. அப்படத்தைக் காட்டிப் பிரசங்கிக்கையில், பிரசவித்தவளின் களைப்பை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.