போக்கிமான் கையடக்க மின்னணு விளையாட்டு: இடர்மிகு வெளியீடும் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த போக்கிமான், கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கென உருவாக்கப்பட்ட சிறுவர் சமர் விளையாட்டாகும். நீண்ட தாமதம், பணநெருக்கடி, பழமையடைந்த கருவி, நிரற்பிழைகள் ஆகிய இடர்களுக்கிடையே அது வெளியிடப்பட்டது. தனியொருவரால் நிறைவு செய்ய இயலாத அதன் அமைப்பே அவ்விடர்களைக் கடந்து அது பரவ அடிப்படையாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: போக்கிமான், கேம் பாய், இணைப்பு வடம், பரிமாற்றம், சிறுவர் விளையாட்டு

முன்னுரை

மின்னணு விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் ஆற்றல் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. கூடுதல் வண்ணமும் வேகமும் நினைவகமும் வெற்றிக்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இக்கருத்துக்குப் பொருந்தாத சான்றாகப் போக்கிமான் அமைகிறது. அது வெளிவந்தபோது கேம் பாய் ஏறத்தாழ ஏழாண்டுப் பழமை உடையது. 160 × 144 புள்ளிகள் கொண்ட அதன் திரை நான்கு சாயல்களை மட்டுமே காட்டவல்லது. சாட்டர்ன், பிளேஸ்டேஷன் ஆகிய புதிய கருவிகளோ 1994 இறுதியிலேயே ஜப்பானியச் சந்தைக்கு வந்துவிட்டன.

கருத்தின் தோற்றம்

டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்த சத்தோஷி தஜிரி, இளமையில் பூச்சிகளைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர். நகர்மயமாதலால் அவை வாழ்ந்த இடங்கள் மறைந்ததைக் கண்டவர். 1983இல் ‘கேம் ஃப்ரீக்’ என்னும் இதழைத் தொடங்கிய அவர், 1989இல் அதனை விளையாட்டு உருவாக்கும் நிறுவனமாக மாற்றினார். இரு கேம் பாய்களை இணைக்கும் வடத்தின் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தார். போட்டிக்கே பெரிதும் பயன்பட்ட வடத்தைப் பரிமாற்றத்திற்குரிய வழியாகக் கண்டதே இவ்விளையாட்டின் வித்தாகும்.

உருவாக்கத்தில் நேர்ந்த இடர்கள்

1990 அளவில் ‘கேப்சூல் மான்ஸ்டர்ஸ்’ என்னும் பெயரில் முன்மொழியப்பட்ட திட்டம், வணிகப்பெயர்ச் சிக்கலால் வேறு பெயர் பெற்றது. பணி ஏறத்தாழ ஆறாண்டுகள் நீண்டது. பணநெருக்கடியால் பணியாளர் சிலர் விலகினர். இடையே ‘மரியோ & வாரியோ’ (1993) முதலிய பிற விளையாட்டுகளையும் நிறுவனம் உருவாக்க வேண்டியிருந்தது. 1995இல் தொடங்கப்பட்ட கிரியேச்சர்ஸ் நிறுவனத்தின் துணை, பணி நிறைவுற உதவியது.

சமரும் பரிமாற்றமும்

விளையாடுபவர் ஆறு உயிரிகள் வரை உடன்கொண்டு செல்லலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு தாக்குதிறன்கள் வரை உண்டு. நெருப்பு புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். நீர் நெருப்பை வெல்லும். இவ்வாறு 15 வகைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. தோற்ற உயிரி இறப்பதில்லை, மயங்குகிறது. இது தஜிரி எண்ணித் துணிந்த முடிவாகும்.

விளையாட்டு சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளிவந்தது. இதனைப் பரிந்துரைத்தவர் நிண்டெண்டோவின் சிகெரு மியாமோட்டோ. ஒரு பதிப்பில் கிடைக்கும் சில உயிரிகள் மற்றொன்றில் கிடைக்கமாட்டா. மேலும், நான்கு உயிரிகள் பிறருக்குக் கைமாறினால் மட்டுமே அடுத்த வளர்நிலையை அடையும். எனவே, தொகுப்பை நிறைவு செய்ய மற்றொரு சிறுவரின் துணை இன்றியமையாததாயிற்று.

மந்தமான வெளியீடும் மியூவும்

1996 பிப்ரவரி 27 அன்று வெளிவந்த விளையாட்டுக்குத் தொடக்கத்தில் பெரிய வரவேற்பு இல்லை. அதன் நிரலில் பிழைகளும் மிகுந்திருந்தன. அவற்றுள் ஒன்று எதிர்பாராத பயன் விளைவித்தது. சோதனைக் கருவிகள் நீக்கப்பட்டதால் எஞ்சிய ஏறத்தாழ 300 பைட் இடத்தில், நிரலாளர் சிகெகி மொரிமோட்டோ ‘மியூ’ என்னும் 151ஆவது உயிரியைச் சேர்த்திருந்தார். இயல்பான ஆட்டத்தில் கிடைக்காத அது, பிழையொன்றின் வழியே சிலர் கண்ணில் பட்டது. சிறுவரிடையே வதந்தி பரவியது.

இதனைப் பயன்படுத்தி, ‘கோரோகோரோ’ என்னும் சிறுவர் இதழ் வாயிலாக 20 பேருக்கு மியூ வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 78,000 விண்ணப்பங்கள் வந்தன. அதன்பின் ஒரு வார விற்பனை, முந்தைய ஒரு மாத விற்பனைக்கு இணையாயிற்று. காலப்போக்கில் ஜப்பானில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

முடிவுரை

மியூ தற்செயலாக வெளிப்பட்டது. அச்செய்தி பரவியதோ தற்செயலன்று. தம்மிடம் இல்லாததைப் பிறரிடம் தேடும் பழக்கத்தை விளையாட்டின் அமைப்பே சிறுவரிடம் முன்னரே ஏற்படுத்தியிருந்தது. ஆயினும், இவ்வமைப்பு இருமுகம் உடையது. சிறுவரை ஒருவரோடொருவர் இணைத்த அதே குறைபாடு, இரண்டாம் பதிப்பையும் வாங்கத் தூண்டும் வணிக உத்தியாகவும் அமைந்தது. சிறுவர்க்கான மின்னணு விளையாட்டுகளை ஆராய்வோர் கருவியின் ஆற்றலை மட்டும் அளவிடுதல் போதாது. விளையாட்டில் திட்டமிட்டு விடப்பட்ட இடைவெளி எது, அதனை நிரப்புவது நட்பா, பணமா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.