சாட்சிக் கையெழுத்து

நம் மலரில் விழாக்களைப் பற்றியும் பழைய நினைவுகளைப் பற்றியும் எழுதி வந்த நான், இந்த முறை என்னுடைய தவறு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இதைப் படித்து ஒரு குடும்பமாவது ஜாக்கிரதை ஆனால் போதும்.

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்கு மூட்டைகளுக்கு நடுவே கணக்கு எழுதிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. என் அத்தையின் குடும்பமும் அவற்றில் ஒன்று. மாமா நாற்பது வருடம் ஒரு மலஞ்சரக்குக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மூன்றரை சென்ட் நிலத்தில் ஓர் ஓட்டு வீடு வாங்கினார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமா காலமான பின் அத்தை அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

2018ல் அத்தைக்கு வயது எழுபத்தாறு. மாமாவின் தம்பி மகன் அடிக்கடி வந்து போவான். வரி கட்டுவான், மருந்து வாங்கித் தருவான். ஒரு நாள், "பெரியம்மா, நீங்கள் ஏன் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்? எனக்கு ஒரு முக்தியார் எழுதித் தாருங்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். நாம் 'பவர்' என்று சொல்லும் பத்திரத்துக்கு இங்கே முக்தியார் என்று பெயர். அத்தைக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு நான் சாட்சியாகப் போனேன். பத்திரம் மலையாளத்தில் இருந்தது. அத்தை மலையாளம் பேசினால் தமிழ்க்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கத்தான் இல்லை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தேன், நேரமாகிவிட்டது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "சம்மதமா?" என்று அதிகாரி கேட்டார். "சம்மதம்" என்றார் அத்தை. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

2021ல் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்காக வீட்டின் ஒரு பகுதியை ஒற்றிக்கு விடலாம் என்று பார்த்தோம். வரி ரசீதில் அத்தையின் பெயர் இல்லை. வில்லங்கச் சான்று எடுத்து, பத்திர நகலும் வாங்கினேன். அன்று பதிவானது முக்தியார் அல்ல, 'இஷ்டதானம்'. வீடு முழுவதும் தானமாகப் போயிருந்தது. கடைசிப் பக்கத்தில், சாட்சி என்ற இடத்தில், என் கையெழுத்து.

பவர் வேறு, தானம் வேறு

இந்த வித்தியாசத்தை நம்மில் பலர் அறிந்துகொள்வதில்லை. பவர் கொடுத்தால் சொத்து நம்முடையதாகவே இருக்கும். ஏஜெண்டு நம் பெயரில் காரியம் செய்கிறவர், அவ்வளவுதான். அவர் நமக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். பவரை வைத்தே சொத்தைக் கைமாற்றினால் உரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் ஓர் உரிமை இருந்தாலொழிய, பொதுவாகப் பவரை நாம் ரத்தும் செய்யலாம். தானம் அப்படியல்ல. கொடுத்தவர் மனம் மாறிவிட்டது என்பதற்காக அதைத் திரும்ப வாங்க முடியாது.

இன்னொரு விஷயம். கொடுத்தவர் இறந்தாலோ, புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும் என்பது 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ம் பிரிவு. ஆகவே, "அப்பாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது, பவர் இருக்கிறது, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பது செல்லாது. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் நினைவு தவறிய பிறகும் நிலைக்கும் 'நீடித்த பவர்' உண்டு. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் வசதியான ஒரு விதவை மூதாட்டி, 2012ல் ஒரு சுற்றுலா வழிகாட்டிக்கு அப்படிப் பவர் கொடுத்தார். 2014ல் அது ரத்தானது. பதினோரு லட்சம் டாலர் கையாடியதற்காக அந்த ஆள் சிறை சென்றார்.

சுயநினைவே இல்லாமல் கிடப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் வழிமுறைகள் வகுத்தது. நரம்பியல் நிபுணர் உள்ள மருத்துவக் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும். தாசில்தார் பதவிக்குக் குறையாத அதிகாரி வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தவறு செய்தால் அவரை நீக்கலாம். கணக்குக் கேட்க ஆள் இருந்தால்தான் கை நீளாது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது போல எனக்குப் படுகிறது.

2007ம் ஆண்டுச் சட்டம்

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. அதன்படி வருவாய்க் கோட்ட அளவில் தீர்ப்பாயம் உண்டு. வக்கீல் இல்லாமல் நாமே மனுக் கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர்களும், தம் சொத்தை வைத்திருக்கும் உறவினரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் உச்சவரம்பு. 23ம் பிரிவின்படி, "என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம்.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான். அது பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020ல் சொன்னது. 2025 ஜனவரி 2ம் தேதி உச்ச நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் 1968ல் வாங்கிய சொத்தை 2019ல் மகனுக்குத் தானமாக எழுதியிருந்தார். அந்தத் தானம் ரத்தானது. சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் உத்தரவாயிற்று. அவருக்குக் கைகொடுத்தது, பராமரிப்பைப் பற்றிப் பத்திரத்தில் இருந்த வாசகமும், மகன் அன்றே எழுதித் தந்ததாக அவர் காட்டிய உறுதிமொழியும்.

அத்தையின் பத்திரத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. "அன்பின் பேரில்" என்று மட்டும் இருந்தது. ஏமாற்றி வாங்கினார்கள் என்று சிவில் வழக்குப் போடலாம், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள். அத்தைக்கு அதற்குத் தெம்பில்லை. தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தோம். சமரசமாயிற்று. ஆயுள் உள்ளவரை அதே வீட்டில் இருக்கலாம், மாதம் நாலாயிரம் ரூபாய் அவன் தர வேண்டும். 2023ல் அத்தை அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். கடைசிவரை அவனைத் திட்டவில்லை. என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார்: "நீயாவது வாசிச்சுப் பார்த்திருக்கலாமேடா?"

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, வயதானவர்கள் இங்கே தனியாக இருக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். ஆகவே அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

1. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள பத்திரத்தை, அதனால் லாபம் அடையாத ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தலைப்பை முதலில் கேளுங்கள்: முக்தியாரா, இஷ்டதானமா, தனநிச்சயமா?

2. வரி கட்டவும் வாடகை வாங்கவும் என்றால் அதற்கு மட்டும் தனிப் பவர் கொடுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம்.

3. பவரை ரத்து செய்தால் அதைப் பதிவு செய்து, ஏஜெண்டுக்கும் பேங்குக்கும் குடியிருப்பவருக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள்.

4. உயிரோடு இருக்கும்போது கொடுப்பதைவிட உயில் நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கொடுத்தே தீர வேண்டுமானால், பராமரிப்பு நிபந்தனையையும் வீட்டில் வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

5. வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். உதவி தேவைப்பட்டால் முதியோர் உதவி எண் 14567.

நம் சங்கத்தில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறோம். மாதக் கூட்டம் முடிந்ததும் நான் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறேன். யாருக்காவது ஒரு பத்திரத்தை வாசித்துச் சொல்ல வேண்டும் என்றால் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள்.