தேர்வு எழுதாமலே லாரி லைசென்ஸ்: அமெரிக்க விவசாயத்துக்கு ஒரு பருவகாலச் சலுகை

அக்டோபரில் மக்காச்சோள அறுவடை மும்முரமாக நடக்கும்போது, நெப்ராஸ்கா மாநிலத்தின் தானியக் கிடங்குகளில் எடைமேடைக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பதினெட்டுச் சக்கர டிரெய்லரில் 36 டன் மொத்த எடையோடு வந்திருப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். அவரிடம் இருப்பது கார் ஓட்டுவதற்கான சாதாரண லைசென்ஸ்தான். யாரும் அவரை மடக்க முடியாது. சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதே விவசாயியின் வயலுக்கு உரம் இறக்கும் கடை ஊழியர் ஓட்டுவது டிரெய்லர் இல்லாத, அதைவிடச் சிறிய லாரி. ஆனால் தனி உரிமம் இல்லாமல் அவர் சாவியைத் தொடக்கூடாது.

இந்த முரணைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளெல்லாம் எளிதாக விளங்கிவிடும். விவசாயப் போக்குவரத்தைப் பொறுத்தவரை, லாரி எவ்வளவு பெரியது என்பதோடு அது யாருடையது, யாருக்காக ஓடுகிறது என்பதையும் அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. பல இடங்களில் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

1980-கள் வரை கனரக வாகன உரிமம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அதையே காட்டி டிரெய்லரோ பஸ்ஸோ ஓட்டலாம் என்று பல மாநிலங்கள் விட்டுவைத்திருந்தன. ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனால் அடுத்த மாநிலத்தில் வாங்கிய இன்னொன்றைப் பையிலிருந்து எடுக்கும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். இதை ஒழுங்குபடுத்த 1986-இல் வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரே லைசென்ஸ், அதற்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் கட்டாயம் என்றாயிற்று. 1992 ஏப்ரல் 1 முதல் கனரக வாகனம் ஓட்டுகிறவர்களுக்குச் 'சிடிஎல்' எனப்படும் வணிக ஓட்டுநர் உரிமம் தேவைப்பட்டது.

இதில் மூன்று வகுப்புகள் உண்டு. லாரியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டு, அதாவது சுமார் 11.8 டன் அல்லது அதற்கு மேல் வந்து, இழுக்கப்படும் டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் 'ஏ' வகுப்பு. 26,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள ஒற்றை லாரி 'பி'. இந்த இரண்டிலும் அடங்காமல், 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் வாகனமும் அபாயப் பலகை மாட்டவேண்டிய சரக்கு வாகனமும் 'சி'. ஏற்றியிருக்கும் சுமையை வைத்து மட்டும் இந்த எடையைக் கணக்கிடுவதில்லை. தயாரிப்பாளர் நிர்ணயித்த உச்ச எடைத் தகுதியும் கணக்கில் வரும். அதனால் காலி வண்டி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

கிராமப்புற மாநிலங்களில் இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வயலுக்கும் கிடங்குக்கும் இடையே ஓடும் லாரிக்கு, ஆண்டு முழுவதும் நாடு சுற்றும் ஓட்டுநருக்கான தேர்வு எதற்கு என்று விவசாயிகள் கேட்டார்கள். 1988-இலேயே கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் இறங்கிவந்தது. விவசாயியும் அவர் குடும்பத்தாரும் பண்ணை ஆட்களும் சிடிஎல் இல்லாமல் ஓட்ட மாநிலங்கள் அனுமதிக்கலாம். லாரி விவசாயியின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், விளைபொருள், பண்ணை எந்திரம், இடுபொருள் ஆகியவற்றைப் பண்ணைக்கோ பண்ணையிலிருந்தோ கொண்டுபோக வேண்டும், வாடகைக்கு ஓடக்கூடாது, பண்ணையிலிருந்து 150 மைல், அதாவது சுமார் 241 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். எடைமேடையில் நாம் பார்த்த நிலக்காரர் இந்தச் சலுகையில்தான் வந்து நிற்கிறார். இதை எல்லா மாநிலமும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துவதில்லை. கான்சாஸில் பெரிய பண்ணை டிரெய்லருக்கு வணிகமல்லாத 'ஏ' வகுப்பு என்று ஒரு தனி உரிமமே இருக்கிறது.

2012-இல் நாடாளுமன்றம் இயற்றிய நெடுஞ்சாலைச் சட்டம் 'பண்ணை வாகனம்' என்று நம்பர் பிளேட்டிலோ வேறு அடையாளத்திலோ குறிக்கப்பட்ட லாரிகளுக்கு இதைவிடப் பெரிய விலக்கு கொடுத்தது. சிடிஎல் மட்டுமல்லாமல் மருத்துவச் சான்று, ஓட்டும் நேரக் கட்டுப்பாடு போன்றவற்றிலிருந்தும் அவை விடுபட்டன. அதிலும் ஒரு 150 வருகிறது, ஆனால் அது ஆகாய மைல். தரைக் கணக்கில் சுமார் 278 கிலோமீட்டர். ஒரே எண்ணை இரண்டு அளவுகோலில் வைத்தவர்களுக்குக் கோடைகாலத்தில் சாலையோரம் லாரியை நிறுத்திக் கணக்குப் போட்ட அனுபவம் இருந்திருக்காது.

இந்த விலக்குகள் விவசாயியோடு நின்றுவிடுகின்றன. விவசாயத்தை நம்பிப் பிழைக்கும் தொழில்கள் வெளியே நின்றன. அவற்றுக்காக 1992-இல் வந்த ஏற்பாடுதான் கட்டுப்பாட்டுடன் கூடிய வணிக உரிமம். நான்கு தொழில்களை விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: உரம், விதை போன்றவற்றை விற்கும் கடைகள், பண்ணை வேதிப்பொருள் நிறுவனங்கள், கால்நடைகளைக் கொழுக்கவைக்கும் பட்டிகள், கூலிக்கு அறுவடை செய்து கொடுப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களை நமக்குத் தெரியும். சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுவடை மெஷின்களோடு டெல்டாவுக்கு வருகிறார்களே, அதே தொழில்தான். மே மாதம் டெக்சாஸில் கோதுமையில் இறங்கி, ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா என்று வடக்கே நகர்ந்து, ஆகஸ்டில் கனடா எல்லையோரம் மொன்டானாவில் நிற்பார்கள்.

இந்த உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் இல்லை, ஓட்டிக் காட்டும் தேர்வும் இல்லை. அதற்குப் பதிலாக விண்ணப்பிப்பவரின் பழைய ஓட்டுநர் பதிவைச் சலித்தெடுக்கிறார்கள். குறைந்தது ஓர் ஆண்டாவது ஏதாவது ஒரு வாகனத்துக்கான லைசென்ஸ் வைத்திருந்திருக்க வேண்டும். ஓட்ட ஆரம்பித்து ஒன்று முதல் இரண்டு ஆண்டுதான் ஆகிறது என்றால் முழுக்காலப் பதிவும் சுத்தமாக இருக்கவேண்டும். அதற்கு மேல் அனுபவம் இருந்தால் கடைசி இரண்டு ஆண்டுகள் போதும். லைசென்ஸ் முடக்கம், ரத்து எதுவும் இருக்கக்கூடாது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. தன் தவறால் நேர்ந்த விபத்து ஒன்று பதிவாகியிருந்தாலும் கதவு அடைபடும். இளைஞர்கள் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில்: சனிக்கிழமை இரவு சொந்தக் காரில் வேக வரம்பைவிட 15 மைல் கூடுதலாகப் போய்த் தண்டனை வாங்கியிருந்தால் அதுவும் 'கடுமையான மீறல்' கணக்கில் சேரும். லாரியில் செய்த தவறு, காரில் செய்த தவறு என்று விதி பிரித்துப் பார்ப்பதில்லை.

உரிமம் கிடைத்தபின் வரும் வேலிகள் இன்னும் நெருக்கமானவை. 'பி', 'சி' வகுப்பு வாகனங்கள் மட்டும்தான் ஓட்டலாம். பெரிய டிரெய்லருக்கு இது செல்லாது. வேலை செய்யும் நிறுவனத்திலிருந்தோ, அன்று வேலை நடக்கும் பண்ணையிலிருந்தோ 150 மைலுக்குள் இருக்கவேண்டும். மாநிலம் அறிவித்த பருவத்தில் மட்டுமே செல்லும். 12 மாதத்தில் மொத்தம் 180 நாள் என்றிருந்த உச்சவரம்பு இப்போது 210 நாளாகியிருக்கிறது. விதைப்புக்கு ஒரு பருவம், அறுவடைக்கு ஒரு பருவம் என்று மாநிலம் பிரித்துக்கொடுத்தால், ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் பதிவைப் பார்த்து உரிமத்தை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். பருவம் முடிந்தபின் அந்த அட்டை சாதாரணக் கார் லைசென்ஸாக மட்டும் வேலை செய்யும். நெப்ராஸ்காவில் உரிமத்தோடு பருவ அனுமதி என்று தனியாக ஒன்று வாங்கவேண்டும்.

அபாயப் பலகை மாட்டவேண்டிய சரக்கை ஏற்றக்கூடாது என்பது பொதுவிதி. ஆனால் விவசாயம் நடக்க மூன்று விலக்குகள்: 1,000 காலன் வரை டீசல், 3,000 காலன் வரை திரவ உரம், கரிமப் பொருள் எதுவும் கலந்து ஏற்றாத திட உரம். திரவ உரத்துக்குக் கொடுத்த இந்த அளவைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். அங்கே பரவலாகப் புழங்கும் 28 சதவீத நைட்ரஜன் கரைசல் தண்ணீரைவிடக் கனமானது. 3,000 காலன் என்றால் திரவம் மட்டுமே 14 டன்னுக்கு மேல். அரைகுறையாக நிரம்பிய தொட்டியோடு பிரேக் அடித்தால் திரவம் முன்னால் பாயும். வண்டி நின்றபிறகும் பின்னிருந்து ஒரு தள்ளு தள்ளும். முழு சிடிஎல் வாங்குகிறவர்கள் தொட்டி லாரிக்கென்று தனியாகப் படித்துத் தேறவேண்டிய விஷயம் இது. பருவகால ஓட்டுநர் இதைக் கடை முதலாளி சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்வார்.

காற்று பிரேக்கும் அப்படித்தான். சிடிஎல் தேர்வில் பரிசோதகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்துகாட்ட வேண்டிய ஒரு சடங்கு உண்டு. சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பிவைத்து, பிரேக் மிதியை அழுத்தி அழுத்தி விடவேண்டும். காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே வரும். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டை ஒட்டி முள் வரும்போது எச்சரிக்கை மணியோ விளக்கோ விழித்துக்கொள்ள வேண்டும். இன்னும் மிதித்து 20-க்கும் 45-க்கும் நடுவே இறங்கும்போது நிறுத்துபிரேக் குமிழ் தானாக 'டப்' என்று வெளியே தெறிக்கவேண்டும். மணி அடிக்கவில்லை என்றாலோ குமிழ் தெறிக்கவில்லை என்றாலோ அந்த லாரி சாலைக்கு வரக்கூடாது. ஐந்து நிமிட வேலைதான். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்து ஏப்ரலில் வெளியே வரும் உர லாரிக்கு இந்த ஐந்து நிமிடம் எவ்வளவு அவசியம் என்று சொல்லவேண்டியதில்லை. அதைச் செய்யத் தெரியுமா என்றுதான் இந்த உரிமம் கேட்பதில்லை.

இந்தச் சலுகைக்கு மவுசு கூடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக 'ஏ' அல்லது 'பி' வகுப்பு சிடிஎல் வாங்குகிறவர்கள், அரசின் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிறுவனத்தில் வகுப்பையும் ஓட்டுப் பயிற்சியையும் முடித்தபிறகுதான் ஓட்டுத் தேர்வுக்கே போகமுடியும். அதற்குப் பணமும் வேண்டும், நேரமும் வேண்டும். கட்டுப்பாட்டு உரிமத்துக்கு இந்தப் பயிற்சியும் தேவையில்லை. விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆள் தேடும் உரக்கடைக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

வசதி இருக்கும் இடத்தில் வழுக்கலும் இருக்கிறது. தன் தானியத்தை ஏற்றியவர், பக்கத்துப் பண்ணைக்காரரின் தானியத்தையும் காசு வாங்கிக்கொண்டு ஏற்றினால் அந்த நிமிடமே வாடகை ஓட்டுநர் ஆகிவிடுகிறார். விவசாயிக்கான விலக்கு பறந்துபோகும். உரக்கடை ஊழியர் அதே லாரியில் கட்டட வேலைக்குச் சரளைக்கல் ஏற்றினால் உரிமம் செல்லாது. பருவம் முடிந்த மறுநாள் மிச்ச உரத்தைத் திருப்பி எடுத்துவரப் போனாலும் கதை அதுதான். கூலி அறுவடைக்காரர்களுக்குத்தான் பெரிய தலைவலி. இந்த உரிமத்துக்கு மாநில எல்லை தடையில்லை. வேலை நடக்கும் பண்ணை மாற மாற 150 மைல் வட்டமும் கூடவே நகரும். ஆனால் அறுவடை மெஷினை ஏற்றிச்செல்லும் தாழ்தள டிரெய்லர் 'ஏ' வகுப்பு. ஆக, குழுவில் முழு சிடிஎல் வைத்திருப்பவர் ஒருவராவது இல்லாமல் ஊர்விட்டு ஊர் நகர முடியாது.

விவசாயத்துக்குச் சலுகை கொடுத்தது சரி. மழைக்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலைக்கு மாதக்கணக்கில் வரிசையில் நிற்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் சுத்தமான பதிவு ஒருவர் பொறுப்பானவர் என்பதைத்தான் காட்டும். காற்று பிரேக் தெரியுமா என்பதைக் காட்டாது. தூரத்தையும் பருவத்தையும் சரக்கையும் அளந்து அளந்து வேலி போட்ட விதி, வண்டியைப் புறப்படும்முன் சோதிக்கும் அந்த ஐந்து நிமிடத்தையாவது செய்துகாட்டச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்காதவரை அந்தப் பொறுப்பு சாவியைக் கொடுக்கும் முதலாளியிடம்தான் இருக்கிறது.

இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் தங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையில் விசாரிக்கவேண்டும். இந்த உரிமத்தைத் தரவேண்டும் என்று எந்த மாநிலத்துக்கும் கட்டாயமில்லை. தரும் மாநிலங்களிலும் பருவத் தேதிகள் வேறுபடும். அயோவா, நெப்ராஸ்கா, கான்சாஸ், மின்னசோட்டா போன்ற விவசாய மாநிலங்கள் தருகின்றன. எத்தனை பருவம் ஓட்டினாலும் இது தானாக முழு உரிமமாக மாறாது. ஆண்டு முழுவதும் லாரி ஓட்டிப் பிழைக்க நினைத்தால் பயிற்சி, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.