புள்ளியை நம்பிப் பூனை வாங்கலாமா?

புதுடெல்லி: தோற்றம் சிறுத்தை, வளர்வதோ வீட்டில். ஆசியக் காடுகளின் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையுடன் கலந்து, அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி உருவாக்கியது 'பெங்கால்' இனம்.

துறுதுறுப்பும், உயரத்தில் ஏறும் ஆசையும், தண்ணீர் விளையாட்டும் இதன் இயல்புகள். ஏறி அமரப் பலகைகள், தினசரி விளையாட்டு, இறைச்சி உணவு ஆகியவை அவசியம். தனிமையில் அடைத்தால் பொருட்களைப் பாழாக்கும்.

மூதாதையான சிறுத்தைப் பூனை இந்தியக் காடுகளிலும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள அதன் குட்டியை, பெங்கால் எனக் கருதி வீட்டில் வைத்திருந்தால் சிக்கல்தான். இக்குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. நாடாளுமன்றம் 2022-ல் நிறைவேற்றிய திருத்தப்படி, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். தாய், தந்தைப் பூனைகளை நேரில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.