எம்1 கார்பைன்: மூலமும் நகலும்

ஐ.பி.எம். என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கணினிதான் நினைவுக்கு வரும். மென்பொருள் துறையில் பிழைப்பு நடத்துபவன் என்பதால் எனக்கும் அப்படியே. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நான் வசிக்கும் ஊரில் நடந்த ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில், பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றின் குழல் மேல் அந்த மூன்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். யாரோ விளையாட்டாகச் செய்த வேலை என்று நினைத்தேன். ஆனால் அது உண்மையான முத்திரை. இரண்டாம் உலகப்போரின்போது ஐ.பி.எம். நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி நகரில் ஏறத்தாழ 3,46,000 துப்பாக்கிகளைச் செய்து ராணுவத்துக்குக் கொடுத்திருக்கிறது.

அந்தத் துப்பாக்கியின் பெயர் எம்1 கார்பைன். போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆனபிறகும் அதைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வாங்கிச் சுடுபவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். "மூலம் இருக்கும்போது நகலை ஏன் வாங்கினாய், அது எந்த அளவுக்கு நகல்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அதற்கான பதிலே இக்கட்டுரை. துப்பாக்கி என்ற சொல் நம்மவர் பலருக்கு, குறிப்பாக ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு, வேறு நினைவுகளைக் கிளறும் என்பதை அறிவேன். ஆகவே இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பொருள் எப்படி உருவானது, அதன் நகல் எதைக் காப்பாற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் நடுவே

முற்காலத்தில் குதிரைவீரர்கள் எளிதாகக் கையாள்வதற்காகக் குழலைக் குறுக்கிச் செய்த துப்பாக்கியைக் கார்பைன் என்றார்கள். குதிரைப்படை மறைந்தபிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்க ராணுவத்துக்கு 1940 வாக்கில் ஒரு சிக்கல் இருந்தது. படையில் எல்லாரும் முன்வரிசையில் நின்று சுடுபவர்கள் அல்லர். லாரி ஓட்டுபவர், கம்பியில்லாத் தந்தி இயக்குபவர், பீரங்கிக்குக் குண்டு சுமப்பவர், கீழ்நிலை அதிகாரி என்று பலர் உண்டு. அவர்களுக்குக் கொடுத்திருந்த கைத்துப்பாக்கியால் சற்றுத் தொலைவில் உள்ளதைச் சுடுவது, நல்ல பயிற்சி இல்லாதவர்க்கு ஏறக்குறைய இயலாத காரியம். அப்போதைய காலாட்படை ரைஃபிளான எம்1 கேரண்டோ 4.3 கிலோ எடை. வேறு வேலை செய்பவர் நாள் முழுவதும் அதை முதுகில் சுமக்க முடியாது.

இரண்டுக்கும் இடைப்பட்டதாக ராணுவம் கேட்டதே கார்பைன். தோட்டா இல்லாதபோது எடை சுமார் 2.4 கிலோ, மொத்த நீளம் 90 செ.மீ. தோட்டாவின் முனைக்குண்டு ஏறத்தாழ 7 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகம். இயற்பியல் படித்தவர்கள் கணக்கிட்டுப் பார்த்தால் 1,300 ஜூல் ஆற்றல் வரும். கேரண்டின் தோட்டாவுக்கு ஏறக்குறைய 3,600 ஜூல், அந்நாளைய.45 கைத்துப்பாக்கிக்கு 500 ஜூல் அளவு. கார்பைனின் இடம் எது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும். பின்னாளில் கொரியப் போரில் இதை முழு ரைஃபிளாகப் பயன்படுத்தியவர்கள், குண்டுக்கு வலு போதவில்லை என்றும் கடுங்குளிரில் சிக்கிக்கொள்கிறது என்றும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

சிறையில் பிறந்த யோசனை

இந்தத் துப்பாக்கியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வடகரோலினாவில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர். 1921-ல் நடந்த சோதனையில் காவல் அதிகாரி ஒருவர் சுடப்பட்டு இறந்த வழக்கில் சிறைக்குப் போனார். அங்கே பட்டறை வேலை செய்துகொண்டே துப்பாக்கி இயக்கம் பற்றிச் சில புதிய யோசனைகளை உருவாக்கினார். 1929-ல் விடுதலையானார். இவர் கதை 1952-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிக்கத் திரைப்படமாக வந்தது.

படத்தைப் பார்ப்பவர்கள் வில்லியம்ஸ் தனியொருவராகக் கார்பைனைக் கண்டுபிடித்தார் என்றே எண்ணுவார்கள். அது முழு உண்மை அல்ல. வின்செஸ்டர் நிறுவனத்தின் பொறியாளர் குழு ஒன்று 1941-ல் இரண்டு வாரத்துக்குள் அவசரமாக உருவாக்கிய மாதிரிதான் கார்பைனின் தொடக்கம். அதில் வில்லியம்ஸின் பங்கு குறுநகர்வுப் பிஸ்டன் என்ற யோசனை. 1941 அக்டோபரில் ராணுவம் அத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பிஸ்டனைப் புரிந்துகொள்ளக் கேரம் பலகையை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்டிரைக்கர் காயைத் தட்டிவிட்டு நின்றுவிடும், ஓடுவது காய். தோட்டா வெடித்ததும் எழும் வாயுவில் கொஞ்சம், குழலின் அடியில் உள்ள சிறு துளை வழியே இறங்கிக் குட்டையான பிஸ்டனைத் தள்ளுகிறது. அது சில மில்லிமீட்டர் மட்டும் நகர்ந்து, பின்னால் உள்ள சறுக்கியைத் தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சறுக்கி தன் வேகத்தில் பின்னோக்கி ஓடி, போல்ட்டைத் திருப்பிப் பூட்டை விடுவித்து, வெற்றுக் குப்பியை வெளியே எறிந்து, சுத்தியலை நிமிர்த்துகிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் போகிறது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு.

பல தொழிற்சாலைகள், ஒரே அளவு

கார்பைனின் உண்மையான அதிசயம் இனிமேல்தான் வருகிறது. துப்பாக்கித் தொழிற்சாலைகள் எல்லாம் ஏற்கெனவே வேலையில் மூழ்கியிருந்தன. வின்செஸ்டர் தவிர மற்ற ஒப்பந்தக்காரர்கள் ராணுவத் துப்பாக்கிக்குப் புதியவர்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்ட் பிரிவு மட்டும் 26 லட்சம் செய்தது. தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட், தபால் முத்திரை இயந்திரம் செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி செய்த ராக்-ஓலா ஆகியவையும் இதில் சேர்ந்தன. (ராக்-ஓலா என்பது நிறுவனர் டேவிட் ராக்கோலாவின் பெயர், ராக் இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை.) மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல்.

ஒரு தொழிற்சாலையில் போல்ட் மிகுந்தால், போல்ட் இல்லாமல் நிற்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். இதை ஒருங்கிணைக்கவே உற்பத்தியாளர்களின் குழு ஒன்று இயங்கியது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தாலும் அரம் போட்டுத் தேய்க்காமல் பொருந்தியாக வேண்டும். மென்பொருளில் நாங்கள் இடைமுகம் என்கிறோமே, அது போன்றதுதான் இதுவும்: உள்ளே யார் எப்படிச் செய்தாலும் சந்திக்கும் இடத்தில் அளவு மாறக்கூடாது. எல்லாராலும் இது முடிந்துவிடவில்லை. இர்வின்-பெடர்சன் என்ற நிறுவனம் செய்தவை ராணுவச் சோதனையில் தேறவில்லை. 1943-ல் அந்தத் தொழிற்சாலை சாகினா நிறுவனத்தின் கைக்குப் போனது.

மூலம் எது?

போருக்குப் பின் கார்பைன்களை ராணுவக் கிடங்குகளில் குவித்துப் பிரித்தார்கள். தேய்ந்ததை நீக்கி, புதிய குறிகாட்டி பொருத்தி, பயனெட் மாட்டும் வளையம் சேர்த்து மீண்டும் பூட்டினார்கள். ரிசீவர் ஐ.பி.எம்., போல்ட் வின்செஸ்டர், குழல் அண்டர்வுட் என்பது போன்ற கலவைகளே பெரும்பாலும் இன்று கிடைக்கின்றன. நம் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த நிலை புரியும். ஒரு கட்டின் ஏடுகள் இன்னொரு கட்டில் கலந்து, தொடக்கம் ஒருவர் கையெழுத்திலும் முடிவு வேறொருவர் கையெழுத்திலும் இருக்கும் சுவடி மாதிரிதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்பைன் அரிது. அதனாலேயே அதன் விலையும் அதிகம்.

1963-ல் அமெரிக்க அரசே குறிசுடும் சங்க உறுப்பினர்களுக்கு இவற்றை 20 டாலருக்கு விற்றது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும்.

நகலுக்கு இங்கேதான் தேவை வருகிறது. வரலாற்று மதிப்புள்ள ஒன்றை வாரந்தோறும் சுட்டுத் தேய்க்க மனம் வராது. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளிலேயே பல நிறுவனங்கள் வணிகக் கார்பைன்களைச் செய்தன. தொடக்கத்தில் ராணுவத்தின் மிச்சப் பாகங்களைச் சேர்த்தே பூட்டினார்கள். அவை தீர்ந்தபின் செலவைக் குறைக்கச் சிலர் அளவுகளையே மாற்றினார்கள். அந்த மாற்றிய வகைக்கு ராணுவப் பாகம் எதுவும் பொருந்தாது. செய்த நிறுவனம் மூடிய பிறகு உதிரிபாகத்துக்கு வழியும் இல்லை. 2000-களிலிருந்து ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் புதிய கார்பைன்களைச் செய்துவருகிறது. 2010-களில் ஓஹியோவின் டேட்டன் நகரில் இன்லண்ட் என்ற பழைய பெயருடன் ஒரு புதிய நிறுவனம் தொடங்கியது. பழைய இன்லண்டுக்கும் அதற்கும் நிறுவன அளவில் தொடர்பில்லை. பழைய ரிசீவர்கள் எஃகை அடித்து வடித்துக் கடைந்தவை. இன்றைய நகல்களில் வார்ப்பு ரிசீவர் வழக்கம். ஒழுங்காகச் செய்த வார்ப்பு உறுதியானதுதான், ஆனால் அது வேறு செய்முறை.

சுடுகளத்தில் கற்றது

என் நகலை முதல்முறை சுடுகளத்துக்கு எடுத்துச் சென்ற நாளில் பத்துத் தோட்டாவுக்குள் மூன்று முறை சிக்கியது. ஒருமுறை போல்ட் முழுவதும் மூடாமல் பாதியில் நின்றது. உள்ளங்கையால் தட்டி மூட நினைத்தேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் சட்டென்று தடுத்தார். முதலில் மேகசினைக் கழற்று, தோட்டாவை வெளியே எடு, பிறகு காரணத்தைத் தேடு என்றார்.

அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கார்பைனில் போல்ட் முழுதாகத் திரும்பிப் பூட்டிய பிறகே சுடும் ஊசி முன்னே வர முடியும்; ஊசியின் வாலை ரிசீவரில் உள்ள ஒரு மேடு அதுவரை தடுத்து வைத்திருக்கிறது. அந்த மேடும் வாலும் சரியான அளவில் இருந்தால்தான் பாதுகாப்பு. பூட்டாத நிலையில் தோட்டா வெடித்தால், அந்த அழுத்தம் சுடுபவரின் முகத்துக்கு மிக அருகில் வெளியேறும். பழைய அளவை ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

அன்று கோளாறு துப்பாக்கியில் இல்லை, மலிவாக வாங்கிய புது மேகசினில் இருந்தது. அதன் வாய் விளிம்பு வளைந்திருந்த கோணம் சரியில்லை. பெரியவர் தன்னிடமிருந்த, போர்க்காலத்தில் செய்த 15 தோட்டா மேகசினைக் கொடுத்தார். என் புதுத் துப்பாக்கியில் தடையின்றி நுழைந்தது. பதினைந்தும் சிக்கலில்லாமல் சுட்டன. எண்பது ஆண்டுக்கு முன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த தகரப்பெட்டி, அந்தத் தொழிற்சாலை கேள்விப்படாத துப்பாக்கியில் வேலை செய்தது. நல்ல நகலுக்கு என் அளவுகோல் அன்றிலிருந்து இதுதான்: மரத்தின் நிறமோ முத்திரையோ அல்ல, பழைய பாகம் அதில் பொருந்துகிறதா என்பது.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். முதல் இருநூறு முந்நூறு தோட்டாவுக்குப் பொறுமை வேண்டும். சறுக்கி ஓடும் தடத்திலும் போல்ட்டின் பூட்டுக் காதுகளிலும் சிறிது கிரீஸ் இடுவது நல்லது. பிஸ்டனை அடிக்கடி கழற்றக்கூடாது. அதற்காகவே இதன் அமெரிக்க ராணுவத் தோட்டாக்களில் தொடக்கம் முதலே துருப்பிடிக்க வைக்காத வெடிமருந்துக் குப்பியைப் பயன்படுத்தினார்கள். ஆரம்பகால வடிவத்தில் பாதுகாப்புப் பொத்தானும் மேகசினைக் கழற்றும் பொத்தானும் அடுத்தடுத்து இருந்ததால், பதற்றத்தில் தவறானதை அழுத்தி மேகசினைக் கீழே தவறவிட்ட வீரர்கள் உண்டு. பிறகு பாதுகாப்பைத் திருப்பும் நெம்புகோலாக மாற்றினார்கள். உங்கள் நகல் எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள்.

சட்டம்

இதை நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அலுவலக நண்பர்கள் அழைத்தார்கள் என்று சுடுகளத்துக்குப் போய்க் கையில் வாங்கிச் சுடுவதும் சிக்கலில் முடியலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் பச்சை அட்டைக்காரரையும் நாடு கடத்த முடியும். நான் பச்சை அட்டை வரும்வரை காத்திருந்தேன்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. தமிழர்கள் நிறைந்த நியூஜெர்சி 1990-ல் கொண்டுவந்த தாக்குதல் துப்பாக்கிச் சட்டத்தில் எம்1 கார்பைன் வகை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. இன்னொரு எச்சரிக்கை: 1944-ல் வந்த எம்2 வகை தொடர்ந்து சுடக்கூடியது. தொடர்ந்து சுடவைக்கும் அதன் பாகங்களை எம்1-இல் பூட்டினால் சட்டத்தின் கண்ணில் அது இயந்திரத் துப்பாக்கி. ஆகவே பழைய பாகங்களை மூட்டையாக வாங்குபவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. நகலின் முத்திரையைத் தேய்த்து, மரத்துக்குப் பழமை பூசி, மூலம் என்று விற்பவர்கள் கண்காட்சிகளில் இருக்கிறார்கள். வரிசை எண்ணை அழிப்பது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; அப்படி விற்கப்படும் ஒவ்வொன்றும் அடுத்து ஆராய்பவருக்குப் பொய்ச் சான்று ஆகிவிடுகிறது. என் கார்பைனில் செய்தவர் பெயரும் எண்ணும் தெளிவாக இருக்கின்றன. பெரியவரின் மேகசினை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்க்காலத்தில் செய்த இரண்டைத் தேடி வாங்கினேன். துப்பாக்கியில் பழமையானவை அந்த இரண்டு மட்டுமே. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்கிறேன்.