ஒரே வசனம், இரண்டு பந்திகள்

வேதம் ஒன்றுதானே, பிறகு ஏன் இத்தனை சபைகள்? கிறிஸ்துவர்களிடம் பிற சமயத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரே ஒரு வசனத்தைக் கொண்டே விடை காணலாம்.

தாம் பிடிபட்ட இரவில் இயேசு அப்பத்தைப் பிட்டுச் சீடர்களுக்குக் கொடுத்து, அதைத் தம்முடைய உடல் என்றார். அதை எப்படிப் புரிந்து கொள்வது?

மார்பர்க் கோட்டையில்

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் மார்ட்டின் லூதரும், சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும் சந்தித்தனர். வேதமே இறுதி ஆதாரம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான். 15 அம்சங்களில் 14-இல் முழு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்தாவதான திருவிருந்தில், கிறிஸ்து உடலாக அங்கே இருக்கிறாரா என்பதில்தான் பேச்சு முறிந்தது. லூதர் அந்த வசனத்தைச் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதி வைத்து, சொன்னது சொன்னபடியே என்றார். சுவிங்லியோ, உடலைக் குறிக்கிறது என்பதே பொருள் என்றார்.

இருவரும் வெறும் இலக்கணம் பேசவில்லை. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடல் பரலோகத்தில் இருக்க, அது எப்படிப் பல இடங்களில் இருக்கும் என்பது சுவிங்லியின் இறையியல். கடவுளின் வலப்பக்கம் எங்கும் உள்ளது என்பது லூதரின் இறையியல். அவரவர் இறையியலே அவரவர் வாசிப்புக்கு வழிகாட்டியது.

வழிபாடும் மொழியும்

வாசிப்பு வழிபாட்டையும் மாற்றியது. சூரிக் நகரில் 1525-லேயே பீடம் போய்ச் சாதாரண மேசையும் மரத்தட்டும் வந்தன. ஆண்டுக்கு நான்கு முறைதான் திருவிருந்து. லூதரன் ஆலயங்களில் பீடம் நிலைத்தது. அந்தந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு, தன் சபையின் விளக்கமே வசனத்தின் நேர்ப்பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்பிலும் இதன் சாயல் உண்டு. கிரேக்கத்தில் உள்ள ஒரு சிறு வினைச்சொல்லைப் பற்றியே அத்தனை வாதமும். தமிழில் அந்த வினை இல்லாமலே வாக்கியம் நிறைவுறும். புராட்டஸ்டன்ட் சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் வேதாகமம் 'ஆயிருக்கிறது' என்று அதைச் சேர்த்தே சொல்கிறது; திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதை விட்டுவிடுகிறது.

மார்பர்க்கில் சுவிங்லியைச் சகோதரராக ஏற்க லூதர் மறுத்தார். அவர்கள் வழிவந்த சபைகள் 1973-இல்தான், சுவிட்சர்லாந்தின் லொய்யன்பெர்க்கில், ஒருவர் பந்தியில் மற்றவர் அமரலாம் என உடன்பட்டன. இடையில் 444 ஆண்டுகள்! வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நம் வாசிப்புக்குப் பின்னால் நம் மரபும் இருக்கிறது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே பந்தி ஒன்றானது.